துவக்கு என்றால் இங்கே ஆரம்பமாம்

1

எனக்கு வயது எழுபத்து நாலு. நான் வளர்த்தது நாலு பேர்.

இந்த இரண்டு வசனத்தையும் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் பேத்தி கயல்விழி பேனையைக் கடித்துக்கொண்டு இருக்கிறாள். முதலாவது வசனம் மட்டும்தான் கொப்பியில் இருக்கிறது.

"அப்பம்மா, எங்க அப்பா, ரெண்டு அத்தைங்க. மூணு பேருதான? நாலுன்னு சொல்றீங்க?"

"நான் சொன்னதை எழுது பிள்ளை. கணக்கு வாத்தியார் வேலை பாக்காதை."

எழுதினாள். ஆனால் என்னைப் பார்த்த பார்வை சரியில்லை. தாயிடம் போய்க் கேட்பாள் என்று தெரியும். கேட்கட்டும். இப்போது தாய்க்கும் தெரியும்.

நான் இரண்டாம் வகுப்புக்கு மேலே போகவில்லை. பஸ்ஸின் பெயர்ப் பலகை, மருந்துப் போத்தில், கோயில் கல்வெட்டு என்று எழுத்துக் கூட்டி வாசிப்பேன். எழுதத் தெரிந்தது என் கையெழுத்து மட்டும். ஆனால் எந்த அரசாங்கக் கந்தோரிலும் நான் விரலில் மை பூசினதில்லை. "கைநாட்டா அம்மா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் பேனையைக் கேட்டு வாங்கிப் பாக்கியம் என்று முழுப் பெயரும் போட்டுக் காட்டியிருக்கிறேன். ஆகவே நான் சொல்கிறேன், கயல் எழுதுகிறாள். கதிரை என்று நான் சொன்னால் அவள் நாற்காலி என்று எழுதுகிறாள். வெட்டி எழுத வைக்கிறேன். ஊரில் இதை வாசிக்கிற உங்களுக்கு நாற்காலி என்றாலும் விளங்கும்தான். ஆனாலும் நான் இருந்தது கதிரையில்.

ஊரில் இந்தியாவை ஒருவரும் வெளிநாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. பிரான்சில் இருக்கிற என் மூத்த மகளுக்குத்தான் அந்த மரியாதை. மன்னார்க் கரையில் இருந்து வள்ளம் ஏறி வந்து முப்பது வருசத்துக்கு மேல் இங்கே கிடக்கிற எங்களை, "பக்கத்திலைதானே, பாசையும் ஒண்டுதானே, என்ன கரைச்சல்?" என்று கேட்பார்கள். பாசை ஒன்றாக இருப்பதால் வருகிற கரைச்சல் கொஞ்ச நஞ்சம் இல்லை. பிரெஞ்சு என்றால் விளங்கவில்லை என்று பேசாமல் இருந்துவிடலாம். இங்கே எல்லாம் விளங்கும், ஆனால் வேறொன்றாய் விளங்கும்.

2

நாங்கள் இருப்பது சுங்குவார்சத்திரத்தில். கடைசி மகன் சுதன் ஒரகடத்துக் கம்பனி ஒன்றில் ஒப்பந்த வேலை. காலையும் பின்னேரமும் எங்கள் ஒழுங்கையால் கம்பனி பஸ்கள் பின்னுக்கு வரும். ரிவர்ஸ் எடுக்கும்போது அவை போடுகிற கீச்சுச் சத்தத்துக்கு நான் இன்னும் பழகவில்லை. மருமகள் மேகலா பிள்ளைப்பாக்கத்துப் பிள்ளை. அவளுடைய தகப்பன் நெல் விதைத்த இடத்தில் இப்போது ஒரு கம்பனியின் மதில் நிற்கிறது. அவள் பெண்கள் விடுதி ஒன்றில் வார்டன். கம்பனிகளில் வேலை செய்கிற பிள்ளைகள், தெற்கே இருந்து வந்த பத்தொன்பது இருபது வயதுப் பிள்ளைகள், ஷிப்டு ஷிப்டாய் வந்து படுத்து எழும்பிப் போகிற இடம்.

அங்கே செல்வி என்று ஒரு பிள்ளை. லைனில் இவளுக்குப் பக்கத்தில் நின்ற பிள்ளையின் கை மெசினுக்குள் போய்விட்டது. செல்விக்கு ஒரு கீறலும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு சூப்பர்வைசர் "ஸ்டார்ட்" என்று கத்தினால் இவளுக்குக் கை விறைத்துவிடும். விடுதியில் யாரோ விளையாட்டுக்கு "ஸ்டார்ட் மியூசிக்" என்று சொன்னதற்குச் சாப்பாட்டுத் தட்டைக் கீழே போட்டுவிட்டாளாம். மேகலா முதலில் பேசியிருக்கிறாள். பேசுவது என்றால் நம் ஊர்ப் பேச்சு, திட்டுவது. "நடிக்கிறியாடி?" என்று கேட்டாளாம். பிறகு அந்தப் பிள்ளை தட்டைப் பொறுக்கும்போது விரல் நடுங்கியதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தாள்.

அதற்குப் பிறகுதான் ஸ்ரீபெரும்புதூரில் நடக்கிற பயிற்சியில் சேர்ந்தாள். மனக்காயத்தை ஆற்றுகிற வேலைக்கு ஆட்களைப் பழக்குகிற பயிற்சி. நர்ஸ்மார், வாத்திமார், கம்பனிகளில் ஆட்களைப் பார்க்கிற பொடியன்கள் எல்லாரும் சனி ஞாயிறுகளில் வந்து இருந்து படிக்கிறார்கள். படித்துவிட்டு வந்து இரவுச் சமையலின்போது எனக்குச் சொல்வாள்.

"மனசு மறந்தாலும் உடம்பு மறக்காதாம் அத்தை. ஒரு சத்தம், ஒரு வாசனை, ஒரு வார்த்த போதுமாம். அந்த எடத்துலயே போயி நிக்குமாம்."

இங்கே மாமியாரை அத்தை என்பார்கள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்தக் கதை பிடிக்கவில்லை. பொய் என்பதால் இல்லை.

கடைசியில் ஒரு சோதனை. ஒவ்வொருவரும் ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். அந்த ஆள் ஒரு சின்னக் கஷ்டத்தைச் சொல்ல, இவர்கள் முறையாய்த் தொடங்கி, கேட்டு, முறையாய் முடித்து வைக்கவேண்டும். பெரிய காயத்தைத் தொடவே கூடாதாம். இதில் தேறினால்தான் மேகலா செல்விக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருக்கலாம். செல்வி லீவில் ஊருக்குப் போயிருந்தாள். திங்கட்கிழமை வருகிறாள். வந்தும் கை விறைத்தால் வேலையை விட்டு அனுப்பிவிடுவோம் என்று ஒப்பந்தக்காரன் சொல்லிவிட்டான்.

மேகலா பிடித்து வைத்திருந்த பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குச் சோதனை நாளாய்ப் பார்த்து ஓ.டி. போட்டுவிட்டார்கள். என்னிடம் வந்து நின்றாள்.

"அத்தை, நீங்க வரீங்களா? முட்டி வலியப் பத்திப் பேசினா போதும்."

"என்ரை முழங்காலைப் பற்றிக் கதைக்க ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் போகவேணுமோ?"

"வூட்ல நாள் பூரா அதத்தான பேசினு கீறீங்க? அங்க வந்து பேசினா எனக்குச் சர்டிபிகேட்டாவது வரும்."

சிரித்துவிட்டேன். சரி என்றேன். அவள் போகிற போக்கில் ஒன்று சொன்னாள்.

"பதிவு பண்ணுவாங்க அத்தை. பயந்துக்காதீங்க."

3

பதிவு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குப் பொலிஸ் ஸ்டேசன்தான் ஞாபகம் வந்தது.

நாங்கள் அகதி முகாமை விட்டு வெளியே இருக்கிறவர்கள். அதற்கு ஸ்டேசனில் பதிவு. வீடு மாறினால் பதிவு. இளைய மகள் திருச்சி முகாமில் இருந்து வந்து நாலு நாள் நின்றால் அதற்கும் போய்ச் சொல்லவேண்டும். புதிதாய் ஒரு சப் இன்ஸ்பெக்டர் வந்தால் எல்லாம் முதலில் இருந்து. "சிலோன் அம்மா, குந்துங்க" என்று மரியாதையாய்த்தான் சொல்வார்கள். ஆனால் மரியாதையாய்க் கேட்டாலும் கேள்வி கேள்விதான். சுதன் குடியுரிமைக்குக் கொடுத்த மனு எந்த மேசையில் கிடக்கிறதோ தெரியாது. ஒரு சொல் பிழையாய்ப் போனால் அந்த மனு என்னவாகும் என்று யாருக்கும் தெரியாது.

முதலாவது பதிவு கரையில் இறங்கிய அன்று. மேசையில் இருந்தவர் கேட்டார், "எத்தனை பிள்ளைங்கம்மா?"

"நாலு."

அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். "மூணுதானே நிக்குது?"

"மூத்தவன் பிறகு வருவான்."

"வரும்போது சேத்துக்கலாம்" என்று மூன்று போட்டார். நல்ல மனிசன். எங்களுக்குப் பிஸ்கட் தந்தவர். அன்று போட்ட மூன்று பிறகு எல்லாக் கடதாசியிலும் மூன்றாகவே வந்தது. முகாமில் முதல் மாதமே ஒரு கிழவர் என்னைத் தனியாய்க் கூப்பிட்டு, "தங்கச்சி, நாலாவதைப் பற்றி இங்கை வாய் திறவாதை. எங்கை, ஆரோடை எண்டு தோண்டுவினம்" என்று சொன்னார். பிறகு நான் ஒரு கந்தோரிலும் நாலு என்று சொன்னதில்லை. மூன்று என்றும் சொன்னதில்லை. கடதாசியை நீட்டுவேன். அவர்களே பார்த்து எழுதிக்கொள்வார்கள்.

ஆகவே முழங்காலைப் பற்றிக் கதைப்பதை ஏன் பதியவேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. மேகலாவிடம் கேட்கவும் ரோசம் விடவில்லை. மருமகளுக்கு முன்னால் பயந்தவள் என்று பெயர் எடுக்க எனக்கு விருப்பமில்லை. அலுமாரியில் இருந்து எங்களுடைய எல்லாக் கடதாசிகளையும் எடுத்து, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, தலையணைக்குப் பக்கத்தில் வைத்தேன். எடுத்து எடுத்துச் சரி பார்த்தேன்.

4

சோதனைக்கு முன்னம் வீட்டில் ஒத்திகை. மேகலா ஹாலில் இரண்டு கதிரைகளைச் சரிவாய்ப் போட்டாள். நேருக்கு நேர் இருந்தால் விசாரணை போல் இருக்குமாம். கையில் பயிற்சிப் புத்தகம்.

"மொத வரிய அப்டியே சொல்லணும் அத்தை. மேடம் அதுல ரொம்ப கண்டிசனு. இங்கிலீசு வரவே கூடாது. ஸ்டார்ட்டு, ஸ்டாப்பு எல்லாம் லைன்ல கத்தற வார்த்தயாம். செல்வி மாதிரிப் பொண்ணுங்க அத கேட்டா ஆடிப்போயிடும்னு அதுக்குப் பதிலா நல்ல தமிழ்ல எழுதிக் குடுத்துகீறாங்க."

தொண்டையைச் செருமிக்கொண்டு, கண்ணை என்னில் வைத்து, மெதுவாய்ச் சொன்னாள்.

"உங்களுக்கு வசதியான இடத்தில் இருந்து துவக்குங்க அம்மா."

நான் எழும்பிவிட்டேன். எழும்பவேண்டும் என்று நினைக்கவில்லை. பார்க்கும்போது குசினியில் அடுப்புக்கு முன்னால் நிற்கிறேன், கையில் ஒரு செம்பு இருக்கிறது.

"இன்னா அத்தை, எந்திரிச்சிட்டீங்க?"

"தண்ணி விடாய்."

திரும்ப வந்து இருந்தேன். திரும்பவும் அதே வரி. இந்த முறை பிடித்துக்கொண்டு இருந்து பார்த்தேன். முதுகு முழுக்க வேர்த்துவிட்டது. காது அடைத்தது. வாசலுக்குப் போய் ஒழுங்கையைப் பார்த்தேன். சுதன் ஷிப்டு முடிந்து வருகிறானா என்று பார்க்கவேண்டும் போல் இருந்தது. அவன் வர இன்னும் நேரம் இருந்தது.

உங்களுக்கு விளங்கும். இங்கே உள்ளவர்களுக்குத்தான் விளங்காது. எங்களுக்குத் துவக்கு என்றால் சுடுகிற துவக்கு. இவர்களுக்கு அது துப்பாக்கி. துவக்கு என்றால் இவர்களுக்கு ஆரம்பி. இது எனக்குத் தெரியாத விசயம் இல்லை. எத்தனை துவக்க விழாப் பந்தல்களைத் தாண்டிப் போயிருக்கிறேன். றோட்டில், ரேடியோவில் கேட்டால் ஒன்றும் செய்வதில்லை. ஆனால் ஒருத்தி எனக்கு முன்னால் கதிரையைப் போட்டு, என் கண்ணைப் பார்த்து, அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு, நான் வாய் திறக்கும்வரை காத்திருந்தால், அது வேறு.

மூன்றாம் முறை எழும்பியபோது மேகலா புத்தகத்தை மூடிவிட்டாள்.

"வர இஷ்டம் இல்லன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிடுங்க. இப்டி எந்திரிச்சி எந்திரிச்சி ஓடாதீங்க. இது இன்னா விளையாட்டா? அந்தப் பொண்ணு திங்கக்கெழம வருது."

"அந்தச் சொல்லை என்னட்டைச் சொல்லாதை."

"எந்தச் சொல்லு?"

நான் போய்க் கட்டிலில் இருந்தேன். அவள் பாத்திரங்களை வழக்கத்தைவிடச் சத்தமாய்க் கழுவினாள். கயல் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்று, "அப்பம்மா, ரொம்ப ஓவரா பண்றீங்க" என்றாள். அவள் பங்குக்கு.

சுதன் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே கேட்டான். "இன்னாம்மா, ரெண்டு பேரும் மூஞ்சத் தூக்கி வச்சினு கீறீங்க?"

என் பிள்ளை கதைக்கிற கதையைப் பாருங்கள். ஆறு வயதில் 'என்னணை அம்மா' என்றவன்.

மேகலா முறைப்பாடு சொன்னாள். மொத வரி சொன்னால் ஓடுகிறார் என்றாள். என்ன வரி என்று கேட்டு, அதை அவள் வாசித்துக் காட்ட, சுதன் சிரிக்கத் தொடங்கினான்.

"அடியே, துவக்குன்னு சொன்னியா எங்கம்மாகிட்ட? ஸ்கூல் கதையத்தான் எத்தினி தபா சொல்லிகீறேன்."

அது எங்கள் வீட்டில் பழைய பகிடி. கல்யாணம், காதுகுத்து என்று ஆட்கள் சேர்ந்தால் சொல்வான். முகாமுக்கு வந்த புதிதில் அவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் பலகை. நான் எழுத்துக் கூட்டினேன். து, வ, க், க. அதற்கு மேலே வாசிக்கவில்லை. பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். அவனுடைய ஒரு செருப்பு அங்கேயே போய்விட்டது. துவக்குப் பழக்குகிற பள்ளிக்கூடம் என்று நினைத்துவிட்டேன். பிறகு ஒரு வாத்தியார் முகாமுக்கே வந்து, "அம்மா, துவக்கப் பள்ளின்னா ஆரம்பப் பள்ளிம்மா, அஞ்சாம் வகுப்பு வரைக்கும்மா" என்று விளங்கப்படுத்தி அவனைக் கூட்டிக்கொண்டு போனார். சுதன் இதை நடித்துக் காட்டுவான், ஒற்றைச் செருப்போடு நொண்டி நொண்டி. எல்லாரும் விழுந்து சிரிப்பார்கள். மேகலாவும்தான். நானும்தான்.

இந்த முறை அவள் சிரிக்கவில்லை. கையில் ஈரத்தோடு வந்து என் கட்டிலடியில் குந்தினாள்.

"அத்தை. அன்னிக்கு நீங்க அவர இஸ்துகினு ஓடினது... பெரியவர நெனச்சித்தானா?"

பெரியவர் என்றால் என் மூத்தவன். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான், ஒருவர் இருந்தார் என்று. சுதன் சிரிப்பை நிப்பாட்டிவிட்டான். ஒரு காலமை மூத்தவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனதும், துவக்குப் பழகப் போய்விட்டான் என்று பின்னேரம் ஆட்கள் வந்து சொன்னதும், மிச்சப் பிள்ளைகளும் போய்விடுவார்கள் என்ற பயத்தில் நான் வள்ளம் ஏறியதும் சுதனுக்குத் தெரியும். ஆனால் அதையும் செருப்புக் கதையையும் அவன் சேர்த்துப் பார்த்ததில்லை.

மேகலா என் முழங்காலில் கையை வைத்தாள். பிறகு சொன்னாள்.

"நீங்க வர வாணாம் அத்தை. வேற ஆளப் பாத்துக்கறேன்."

"ஏன், நான் பயந்துபோனன் எண்டு நினைச்சியோ? நான் வருவன்" என்றேன். சொல்லிவிட்டுப் பயந்தேன்.

5

ஷேர் ஆட்டோவில் போகும்போது கடதாசிப் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தேன். "இன்னா அது?" என்று மேகலா கேட்டாள். பதிவுக்கு என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. ஆட்டோ போட்ட சத்தத்தில் அதற்கு மேல் கேட்கவும் இல்லை.

ஒரு கடைக்கு மேலே உள்ள மண்டபம். சுற்றிவர பத்துப் பன்னிரண்டு பேர். பயிற்சி கொடுக்கிற ரேவதி மேடம் நரைத்த தலை, பருத்திச் சேலை, மெல்லிய குரல். நடுவில் இரண்டு கதிரைகள், அதே சரிவில். ஒரு ஸ்டூலில் போன்.

"அம்மா, இது குரலைப் பதிவு பண்ணும். மேகலா எப்படிப் பேசறாங்கன்னு கேட்டுப் பாக்கறதுக்குத்தான். உங்களுக்கு வேண்டாம்னா வேண்டாம்."

பதிவு என்றால் அதுதான். எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. ஆனால் பயம் குறையவில்லை, கூடியது. கடதாசி என்றால் நான் கொடுக்கிறதைத்தான் பார்ப்பார்கள். இது நான் கொடுக்காததையும் பிடித்து வைக்கும். இருந்தாலும் தலையை ஆட்டினேன். முழங்கால்தானே. முழங்காலைப் பற்றி என்ன பதிந்தால் என்ன? வலது முழங்கால், படியில் ஏறினால் வலி, மழைக்காலத்தில் இன்னும் கூடும். மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

மேகலா எனக்குச் சரிவாய் இருந்தாள். முகம் வெளிறிக் கிடந்தது. புத்தகத்தின் முதல் வரி அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், மேடத்துக்கும் தெரியும். அதைச் சொல்லாவிட்டால் சோதனையில் முதலாவது பிழை. அவள் வாயைத் திறந்தாள். என் கால் விரல்கள் சுருண்டன. அவள் என் காலைப் பார்த்தாள். வாயை மூடினாள். பிறகு சொன்னாள்.

"வெளிக்கிடுவமா மாமி?"

இந்தச் சொல்லுக்கும் ஒரு கதை உண்டு. இங்கே வெளிக்குப் போவது என்றால் கக்கூசுக்குப் போவது. கல்யாணமான புதிதில் மேகலாவின் சொந்தக்காரர் நிறைந்த வீட்டில் நான் புதுப் பெண்ணைப் பார்த்து, "வெளிக்கிட்டாச்சோ பிள்ளை?" என்று கேட்டுவிட்டேன். புறப்பட்டாயிற்றா என்றுதான் கேட்டேன். அவளுடைய சின்னம்மா வாயில் சேலையை வைத்துக்கொண்டு, "இன்னாடி, உங்க மாமியா கூட்டத்துல வச்சி வெளிக்குப் போனியான்னு கேக்குது!" என்றாள். அன்றிலிருந்து நான் அந்தச் சொல்லைச் சொன்னால் மேகலா சிரிப்பாள். நானும் இங்கே அதைச் சொல்வதை விட்டுவிட்டேன்.

மண்டபத்தில் யாரோ பொடியன் களுக்கென்று சிரித்தான். மேடம் குனிந்து, "அம்மா பாத்ரூம் போகணுமா?" என்று கேட்டார். மேகலா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மாமி என்பதை விட்டால், அவள் வாயில் வருகிற எங்கள் ஊர்ச் சொல் அது ஒன்றுதான். அதைத்தான் கொண்டுவந்து தந்தாள். பாவம், அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது.

"ஓம். வெளிக்கிடுவம்" என்றேன்.

என்றுவிட்டு முழங்காலைப் பற்றிச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"நான் வளத்தது நாலு பேர்" என்றேன். "மூத்தவன் போன அண்டைக்குக் காலமை நான் அடுப்படியிலை நிண்டனான். புட்டு அவிஞ்சு கொண்டிருந்தது. 'வெளிக்கிடுறன் அம்மா' எண்டான். நான் திரும்பிப் பாக்கேல்லை. சைக்கிளுக்குக் காத்து இருக்கோ எண்டு கேட்டன். இருக்கு எண்டான். ஒவ்வொரு நாளும் 'போயிட்டு வாறன்' எண்டு சொல்லுற பிள்ளை. அண்டைக்கு வெளிக்கிடுறன் எண்டு மட்டும் சொன்னவன். அதை நான் பின்னேரம்தான் யோசிச்சன்."

மேடம் கதிரையில் முன்னுக்கு வந்துவிட்டார். பெரிய காயத்தைத் தொடக் கூடாது என்பதுதான் சட்டம். மேகலாவுக்கு அது எனக்கு முன்னமே விளங்கியிருக்கும். அவளுடைய நெற்றி வேர்த்தது. ஆனால் அவள் என்னைத் தடுக்கவும் இல்லை, மேலே சொல்லு என்று இழுக்கவும் இல்லை. அந்தக் குசினிப் புகை என் மூக்கில் ஏறியது. வள்ளத்து ஆட்கள் வந்து கூப்பிட்ட சத்தமும் கேட்கத் தொடங்கியது. அப்போதுதான் மேகலா பேசினாள். புத்தகத் தமிழெல்லாம் அவளுக்கு மறந்துபோய்விட்டது.

"மாமி, என்னப் பாருங்க. இப்ப எங்க குந்தினு கீறோம்?"

"ஸ்ரீபெரும்புதூரிலை."

"காலு தரையில கீதா?"

"இருக்கு."

"தர எப்டி கீது?"

"சில்லெண்டு இருக்கு."

"மடியில இன்னா வச்சினு கீறீங்க?"

"கடதாசி."

"யாரு கடதாசி?"

"எங்கடை எல்லாருடையதும். பதிவு எண்டு சொன்னியே."

அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. சிரிப்பும் அழுகையுமாய் அவள் முகம் கோணிப்போனதைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்ததும் புகை போய்விட்டது. யன்னல் கண்ணாடிக்கு வெளியே ஒரு கம்பனி பஸ் போனது தெரிந்தது.

"இன்னும் பேசணுமா, இன்னிக்கு இதோட வுட்டுறலாமா? நீங்க சொல்றதுதான் மாமி."

"இண்டைக்குக் காணும்."

மேடம் உடனே கேட்டார். "என்னம்மா காணும்? எது காணாமப் போச்சு?"

"இல்ல மேடம்" என்றாள் மேகலா. "அவங்க ஊர்ல காணும்னா போதும்னு அர்த்தம்."

மேடம் கேட்டதும் பிழையான கேள்வி இல்லை.

6

மேகலா தேறினாள் என்று மேடம் உடனே சொல்லவில்லை. எல்லாருக்கும் முன்னால் கொஞ்சம் கடுமையாகவே சொன்னார். வீட்டு ஆளை இந்தக் கதிரைக்குக் கொண்டுவந்தது பிழை, இனிமேல் செய்யவே கூடாது, இன்றைக்குப் பாதியில் கை நழுவியிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டார். மேகலா தலை குனிந்து நின்றாள். செல்வி என்று ஒரு பிள்ளை பெட்டியோடு பஸ்ஸில் திரும்பிப் போகிறது என் கண்ணில் தெரிந்தது. நான் அந்தப் பிள்ளையைப் பார்த்ததே இல்லை.

பிறகு மேடம் சொன்னார். "முடிச்ச விதம் சரியா இருந்துச்சு. திங்கட்கிழமை அந்தப் பொண்ணுகூட உக்காருங்க. நானும் கூட இருக்கேன். தனியா இப்ப வேண்டாம். முதல் வரி சொல்றதுக்கு முன்னாடி, அவங்க ஊர்ல அதுக்கு என்ன சொல்வாங்கன்னு கேட்டுக்கங்க."

என்னிடம் வந்து போனைக் காட்டினார். "அம்மா, நீங்க பேசினதை அழிச்சிடறேன். பாத்துக்கங்க, இதோ." ஒரு விரலால் தொட்டார். போய்விட்டது.

அதற்காகத்தானே வந்த நேரம் முதல் பயந்துகொண்டிருந்தேன். சந்தோசப்படவேண்டும். ஆட்டோவில் ஏறி இருந்த பிறகுதான் நெஞ்சுக்குள் ஏதோ குறைந்தது போல் இருந்தது. முப்பது வருசத்துக்குப் பிறகு ஒரு கூட்டத்துக்கு நடுவில் இருந்து நாலு என்று சொல்லிவிட்டேன், அதுவும் அழிந்துவிட்டது.

நேற்றுத் திங்கட்கிழமை. மேகலா விடுதியில் இருந்து பிந்தித்தான் வந்தாள். என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை, அது அந்தப் பிள்ளையின் கதை. அவளாகவே ஒன்று மட்டும் சொன்னாள். "அது ஊர்ல ஆரம்பிக்கறதுக்கு 'எடுத்து வுடு'ன்னு சொல்லுவாங்களாம் அத்தை. சொன்னதும் சிரிச்சிச்சி." வேலை நிற்குமா போகுமா என்று இன்னும் தெரியாது. இன்றைக்குக் காலமை அந்தப் பிள்ளை ஷிப்டுக்கு வெளிக்கிட்டுப் போனது. பின்னேரம் அவளின் பஸ் எங்கள் ஒழுங்கைக்கு வரும்வரை மேகலாவும் வாசலைப் பார்ப்பாள், நானும் பார்ப்பேன்.

அதுவரை சும்மா இருக்க முடியாமல்தான் கயலைக் கூப்பிட்டு, கொப்பி எடு என்றேன். சுதனிடமும் கேட்டேன், இதை ஊர்ப் பத்திரிகைக்கு அனுப்பினால் உன்ரை மனுவுக்கு ஏதும் வருமோ என்று. அவன் தேத்தண்ணியைக் குடித்து முடிக்கும்வரை யோசித்தான். "வந்தா வரட்டும்மா. எழுதுங்க" என்றான். அவன் சொன்னாலும் எனக்குப் பயம்தான். பயத்தோடுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கயல், நாலு என்பதை இலக்கத்தில் போடாதை, எழுத்தில் எழுது. இலக்கம் என்றால் ஆராவது மாற்றிப் போடுவினம். மூத்தவனின் பெயரையும் எழுது. உனக்கு அவன் பெரியப்பா. யோகன். யோ, க, ன். என்னைப் பார்க்காதை, கொப்பியைப் பார். எழுதியாச்சோ?

சரி. எங்கை, முதலாவது வரியில் இருந்து வாசி பிள்ளை. பஸ் சத்தம் கேட்டால் நிப்பாட்டு.